போகிற வழியை முதலில் பாருங்கள்!

பட்டிமன்றத் தலைப்பு: விலைவாசி ஏறும் காலத்தில் குடும்பம் நிம்மதியாக வாழப் பெரிதும் துணைநிற்பது வரவைப் பெருக்குவதா? செலவைச் சுருக்குவதா?

அணி: செலவைச் சுருக்குவதே!

பெருமைக்குரிய நடுவர் அவர்களே! வரவைப் பெருக்குவதே என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! பகலெல்லாம் உழைத்து, கையில் ஒட்டிய அலுமினியப் பவுடரைத் தேய்த்துக் கழுவி, வீட்டில் சோறு பொங்கி வைத்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாயில்பட்டித் தாய்மார்களே! பெரியோர்களே! தொலைக்காட்சி வழியே எங்களை உங்கள் வீட்டுக்குள் அழைத்திருக்கும் அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அருமையாகப் பேசினார். "வரவைப் பெருக்கு, வரவைப் பெருக்கு" என்று மேசை அதிர அதிரத் தட்டினார். நீங்களும் கைதட்டினீர்கள். பேசி முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகக் காதுல கேட்டார்: "சார், ஊருக்குப் போக பஸ்ஸுக்கு ஒரு அம்பது ரூவா இருக்குமா?" (சிரிப்பு)

கொடுத்தேன் நடுவர் அவர்களே. எப்படிக் கொடுக்க முடிந்தது? செலவைச் சுருக்குகிற அணியில் நான் இருப்பதால் கொடுக்க முடிந்தது! (கைதட்டல்)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது சிரிக்கிற விஷயம் இல்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு, விளக்கை அணைத்த பிறகு, மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியும் இதன் கனம். "நாளைக்கு என்ன செய்யப் போறோம்?" இந்த ஒரு கேள்வி தூக்கத்தைத் தின்கிறது. விலைவாசி பகலில் பையைக் காலி பண்ணுகிறது. கவலை ராத்திரியில் மனசைக் காலி பண்ணுகிறது.

எதிரணி சொன்னதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விலை ஏறியிருக்கிறதா? ஏறியிருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் வைத்து அறுபது ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. 2020 தொடக்கத்தில் ஒரு பவுன் தங்கம் ஏறத்தாழ 30 ஆயிரம். 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டிப் போனது. பெண்ணைப் பெற்றவர்கள் தங்கம் விலையைத் தொலைக்காட்சியில் கேட்டால், சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். சத்தத்தைக் குறைத்தால் விலை குறையுமா?

உங்கள் ஊர்ப் பொருளையே எடுத்துக்கொள்வோம். தீப்பெட்டி. 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆனது. பிறகு 14 ஆண்டுகள் அதே ஒரு ரூபாய்! 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. அதுவும் எப்போது? சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425-லிருந்து 810 ரூபாய்க்கு ஏறி, மெழுகும் அட்டையும் சேர்ந்து ஏறின பிறகு. யோசித்துப் பாருங்கள். அந்த 14 ஆண்டில் அரிசி நின்றதா? பருப்பு நின்றதா? பள்ளிக்கூடச் செலவு நின்றதா? எல்லாம் ஓடியது, தீப்பெட்டி மட்டும் நின்றது. ஒரு ரூபாய்ப் பெட்டியை ஒட்டிய கை, ஏறுகிற விலைக்கெல்லாம் ஈடு கொடுத்தது. அந்தக் கைகளை நான் கும்பிடுகிறேன். (கைதட்டல்)

ஆகவே, உழைக்கிறவனுக்குக் கூலி உயர வேண்டும். அதில் எனக்கும் எதிரணிக்கும் சண்டையே இல்லை. ஆனால் தலைப்பு என்ன? குடும்பம் நிம்மதியாக வாழப் பெரிதும் துணைநிற்பது எது? கூலியை நிர்ணயிப்பது நீங்களா? இல்லை. சந்தை விலையை நிர்ணயிப்பது நீங்களா? இல்லை. உங்கள் வீட்டுக் கதவைத் தாண்டிப் பணம் எந்த வழியாக வெளியே போகிறது என்பதை நிர்ணயிப்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. கையில் இருப்பதை முதலில் பார் என்கிறது எங்கள் அணி.

வள்ளுவர் சொல்கிறார். நான் தமிழ் வாத்தியார், வள்ளுவரை விட்டுவிட்டுப் போனால் வீட்டில் சோறு கிடைக்காது. (சிரிப்பு) 478-ஆவது குறள். அதன் கருத்து என்ன? வருமானம் கொஞ்சமாக இருப்பதில் கேடு இல்லையாம். செலவு அதைவிடப் பெரிதாகிவிடக் கூடாதாம். வருமானமே வேண்டாம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. பொருள் செய்யச் சொன்னவரும் அவர்தான். ஆனால் முதலில் எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடியில் ஓட்டை இருக்கிற குடத்துக்கு எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினால் என்ன?

எதிரணியின் அம்மையார் ஒரு வரலாறு சொன்னார். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள், தீப்பெட்டித் தொழில் கற்றார்கள், 1923-இல் இங்கே தொழிலைத் தொடங்கினார்கள், வானம் பார்த்த பூமிக்கு வரவு வந்தது என்றார். உண்மை. பெருமைப்பட வேண்டிய உண்மை. ஆனால் அம்மா, அவர்கள் தொழில் தொடங்கியவர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலில் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள். எண்ணிக்கைக் கூலிக்காரனிடம் போய் "வரவைப் பெருக்கு" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரே அர்த்தம்தான். வேகமாகச் செய்! இன்னும் நூறு செய்! நேரமானாலும் செய்! வீட்டுக்குக் கொண்டுபோயாவது செய்!

நடுவர் அவர்களே, மற்ற தொழிலில் வேகம் என்பது கெட்டிக்காரத்தனம். ஜவுளிக் கடையில் வேகமாகத் துணி மடித்தால் மெச்சுவார்கள். ஓட்டலில் வேகமாகப் பரோட்டா போட்டால் கூட்டம் கூடும். ஆனால் வெடிமருந்துக்குப் பக்கத்தில் வேகம் என்பது என்ன? மருந்து உராய்வைப் பொறுக்காது. அதிர்ச்சியைப் பொறுக்காது. சூட்டைப் பொறுக்காது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஏன் வைத்திருக்கிறான்? ஒருவர் கை தவறினால் ஊரே போகக் கூடாது என்பதற்காக. அங்கே அவசரத்துக்கு மன்னிப்பே கிடையாது.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். 2021 பிப்ரவரி 12. அச்சங்குளம். 2021 ஜூன் மாதம். இதே தாயில்பட்டி. ஆலையில் அல்ல, ஒரு வீட்டில். வெடித்தது. சின்னப் பையனும் போய்விட்டான். இதைப் பற்றி இந்த மேடையில் விரித்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததை நான் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். மருந்து ஆபத்து என்று தெரியாமலா மனிதர்கள் அதை வீட்டுக்குள்ளே கொண்டுவருகிறார்கள்? பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஊர் இது. தெரிந்தும் ஏன்? காசு தேவை. ஏன் அவ்வளவு அவசரமாகக் காசு தேவை? அங்கேதான் என் வாதம் தொடங்குகிறது.

வயிற்றுக்கு மட்டும் என்றால் இவ்வளவு அவசரம் இல்லை. 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் வந்தது. அவசரம் எங்கிருந்து வருகிறது என்றால், முன்பணத்திலிருந்து வருகிறது. அட்வான்ஸ்! கை நீட்டி வாங்கியாச்சு. கழிக்கணும். வட்டியிலிருந்து வருகிறது. திங்கட்கிழமை வந்து வாசலில் நிற்பான். பதில் சொல்லணும்.

கணக்குப் போடுவோமா? தமிழ் வாத்தியார் கணக்குத்தான், பயப்படாதீர்கள். (சிரிப்பு) இருபதாயிரம் ரூபாய் கடன். அஞ்சு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். மாதம் எவ்வளவு? ஆயிரம். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். இருபது மாதத்தில் வாங்கின இருபதாயிரத்தையும் வட்டியாகவே கட்டியாச்சு. அசல் எங்கே இருக்கிறது? அசல் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி! (சிரிப்பு, கைதட்டல்)

2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம். நல்ல திட்டம். ஆனால் இந்த இருபதாயிரம் கடன் இருக்கிற வீட்டில் அந்த ஆயிரம் என்ன ஆகிறது? காலையில் வங்கிக்கு வருகிறது. சாயங்காலம் வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறது. வரவு பெருகியதா? பெருகியது. நிம்மதி பெருகியதா? போகிற வழி திறந்து கிடக்கும்போது, வருகிற வழியை அகலப்படுத்தி என்ன பயன்?

அந்த இருபதாயிரம் எதற்கு வாங்கினது? ஆஸ்பத்திரிக்கு என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். படிப்புக்கு என்றால் தலை வணங்குகிறேன். ஆனால் பாதிக் கடன் எதற்கு? காதுகுத்துக்கு. சடங்குக்கு. தாய்மாமன் சீர்வரிசை லாரியில் வர வேண்டும். முன்னால் மேளம், பின்னால் வெடி. தெருமுனையில் இருபதடி ஃப்ளெக்ஸ். அதில் காது குத்தப் போகிற பிள்ளை சின்னதாக ஒரு மூலையில் இருக்கும். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் கைகூப்பிக்கொண்டு பெரிசு பெரிசாக இருப்பார்கள்! (சிரிப்பு) ஏன் இவ்வளவு? "மதினி வீட்டுல அப்படிச் செஞ்சாக. நாம குறைச்சாச் சொந்தக்காரங்க சிரிப்பாக." சிரிக்கட்டுமே அம்மா! சிரிக்கிற சொந்தக்காரர் உங்கள் வட்டியைக் கட்டப் போகிறாரா? விருந்து சாப்பிட்டவர் மறுநாள் காலையில் மறந்துவிடுவார். வட்டிக்காரர் மறப்பாரா?

இப்போது எதிரணி கேட்கும். "அய்யா, ஏழையிடம் போய் செலவைச் சுருக்கு என்கிறீர்களே, அவன் எதைச் சுருக்குவான்? வயிற்றையா?" நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கினால் என் அணிக்கு மரியாதை இல்லை.

நம் வீடுகளில் சிக்கனம் என்று சொன்னவுடன் முதலில் சுருங்குவது எது தெரியுமா? அம்மாவின் தட்டு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியை வழித்து, "எனக்குப் பசிக்கலய்யா" என்று ஒரு வார்த்தை. அது சிக்கனம் இல்லை நடுவர் அவர்களே, அது அநியாயம்! அவள் ரத்தம் சுண்டி நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால், மிச்சம் பிடித்த ஆயிரம் அங்கே பத்தாயிரமாகப் போகும். வாங்க வேண்டிய மாத்திரையை வாங்காமல் விடுவது சிக்கனம் இல்லை. பெண்பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்துவது சிக்கனம் இல்லை. எங்கள் அணி சுருக்கச் சொல்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வட்டியைச் சுருக்கு. இரண்டாவது, ஊருக்காகச் செய்கிற ஆடம்பரத்தைச் சுருக்கு. மூன்றாவது, கணக்கில் வராமல் கசிகிற காசைச் சுருக்கு. சோறு, மருந்து, படிப்பு மூன்றையும் தொடாதே!

இன்னொன்றையும் தொடாதே. பக்கத்தில்தானே வெம்பக்கோட்டை? 2022-இல் தொடங்கி அங்கே அகழாய்வு செய்தார்கள். சங்கு வளையல் கிடைத்தது. சுடுமண் பொம்மைகள் கிடைத்தன. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் இந்த வைப்பாற்றுக் கரையில் வாழ்ந்தவனும் மழையை நம்பி வாழ்ந்தவன்தான். நாளையை நினைத்துப் பயந்தவன்தான். ஆனாலும் பிள்ளைக்குப் பொம்மை செய்து கொடுத்திருக்கிறான்! பிள்ளையின் சின்னச் சந்தோஷம் வீண் செலவு ஆகாது. திருவிழாவில் பிள்ளை கேட்கிற பலூன் குடும்பத்தைக் கவிழ்ப்பதில்லை. அந்தத் திருவிழாவுக்கு அப்பா வைக்கிற ஃப்ளெக்ஸ்தான் கவிழ்க்கிறது! (கைதட்டல்)

கணக்கு எழுதுங்கள் என்கிறோம். ஒரு நண்பர் வீட்டில் கணவரை எழுதச் சொன்னார்கள். எழுதினார். பால் முப்பது. காய் அறுபது. இதரம் நானூறு. அந்த அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "பாலும் காயும் நம்ம வீட்டுக்கு வந்துச்சு. இந்த இதரம் யாருங்க? இதுவரைக்கும் நம்ம வீட்டுக்கு வந்ததே இல்லையே!" (பலத்த சிரிப்பு) எல்லா வீட்டிலும் ஒரு இதரம் இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்தால் பாதி விலைவாசி இறங்கிவிடும். பெரும்பாலும் அவர் சாயங்காலத்தில்தான் வெளியே போகிறார். இதற்கு மேல் நான் விளக்கினால் ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள். (சிரிப்பு)

அடுத்து, பயத்துக்கு வருகிறேன். நாளைய பயம் ஏன் நம்மைக் கொல்லுகிறது? அதற்கு உருவம் இல்லாததால். இருட்டில் கிடக்கிற கயிறு மாதிரி. விளக்கைக் கொண்டுபோய் வைத்தால் என்ன என்று தெரிந்துவிடும். நோட்டில் எழுதினால் பயத்துக்கும் ஒரு தொகை வந்துவிடும். தொகை தெரிந்த பயம் பாதிப் பயம்தான்.

உங்கள் தொழிலுக்கு ஒரு பருவம் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு வியாபாரம் தொடங்கும். தீபாவளிக்கு முன்னால் போனஸ் வரும். தீபாவளி முடிந்தால் ஆபீஸ் கொஞ்ச நாள் மூடும். இது வருஷா வருஷம் தெரிந்த விஷயம். தெரியாமலும் மூடியிருக்கிறது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்றது. நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. பின்னால் 2020-இல் கொரோனா வந்தது. ஆக, வேலை மூடுகிற மாதம் வரும். வராது என்று நம்புவது தைரியம் இல்லை. வந்தால் இத்தனை ரூபாய் வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் தைரியம். போனஸ் வந்த அன்றைக்கே அந்த மாதத்துச் சோற்றுக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு புதுத்துணி எடுங்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேமிப்புக் கணக்கு இருந்தால் இரண்டு காப்பீடு உண்டு. பிரதம மந்திரி பெயரில் 2015-இல் வந்தவை. ஒன்று ஆயுள் காப்பீடு, ஆண்டுக்கு 436 ரூபாய், 18 வயது முதல் 50 வயது வரை சேரலாம். மற்றது விபத்துக் காப்பீடு, ஆண்டுக்கு 20 ரூபாய், 70 வயது வரை. ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம். இரண்டும் சேர்த்து 456 ரூபாய். நாளுக்கு எவ்வளவு? ஒன்றேகால் ரூபாய்! நீங்கள் செய்கிற ஒரு தீப்பெட்டியின் விலைகூட இல்லை. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருந்தால் தானாகப் பிடித்துக்கொள்வார்கள். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்பு, ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து கட்டலாம். உங்கள் கூலியில் வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் பிடிக்கிறார்களா, உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது குற்றம் இல்லை. அது உங்கள் காசு.

கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் எங்கே வாங்குவது? 1989-இல் தருமபுரியில் தொடங்கியது மகளிர் சுய உதவிக் குழு. இன்று அது இல்லாத ஊர் அரிது. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்தால் வங்கி கதவைத் திறக்கிறது. அங்கே ஒரு வருஷத்துக்குக் கட்டுகிற வட்டியை, வெளியே அஞ்சு வட்டிக்கு வாங்கினால் இரண்டு மூன்று மாதத்திலேயே கட்டிவிடுவோம். கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் சட்டமே வந்தாகிவிட்டது. ஆனால் சட்டத்தை விடப் பெரிய பாதுகாப்பு, அந்த வாசலுக்கே போகாமல் இருப்பது.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு கருத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. இதுதான் என் வாதத்தின் உயிர்.

செலவைச் சுருக்கிக் கடனை அடைத்தவனுக்கு என்ன கிடைக்கிறது? காசு மிச்சம் ஆகிறது, அது சரி. அதைவிடப் பெரிசு ஒன்று கிடைக்கிறது. "மாட்டேன்" என்ற ஒரு சொல் கிடைக்கிறது!

கடன்காரனுக்கு அந்தச் சொல் கிடையாது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்காரச் சொன்னால், அட்வான்ஸ் வாங்கினவன் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கடன் இல்லாதவள் எழுந்து நின்று சொல்லலாம்: "அண்ணாச்சி, இப்படி வேலை பார்க்க நான் மாட்டேன்." மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து தா என்று எவனாவது வந்தால், "எம் பிள்ளை தூங்குற வீடு இது, மாட்டேன்" என்று சொல்லலாம். அந்த ஒரு "மாட்டேன்" எத்தனை லட்சம் பெறும்? எத்தனை உயிர் பெறும்?

எதிரணி நண்பர்களே, நீங்கள் கேட்கிற கூலி உயர்வு இருக்கிறதே, அதைக்கூட யார் கேட்க முடியும்? முன்பணம் வாங்கினவன் குனிந்தபடியே கேட்பான். கடன் இல்லாதவன் நிமிர்ந்து கேட்பான். உங்கள் வரவே எங்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது! (பலத்த கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, விலை ஏறட்டும், இறங்கட்டும், அது நம் கையில் இல்லை. நம் வீட்டு நோட்டு நம் கையில் இருக்கிறது. தாய் பட்டினி கிடக்காமல், பிள்ளை படிப்பை நிறுத்தாமல், வட்டியையும் வீம்பையும் மட்டும் வெட்டி எறிகிற குடும்பம் நாளையை நினைத்து நடுங்காது. அந்த வீட்டில் வேலைக்குப் போனவர்கள் அவசரம் இல்லாமல் வேலை பார்த்து, சாயங்காலம் முழுசாக வீடு திரும்புவார்கள். அதைவிடப் பெரிய வரவு ஒரு குடும்பத்துக்கு என்ன இருக்கிறது?

எனவே, குடும்பம் நிம்மதியாக வாழப் பெரிதும் துணைநிற்பது செலவைச் சுருக்குவதே, செலவைச் சுருக்குவதே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)